தள்ளாடினேன் என்றே இருக்கட்டும்

ஜூன் 9

அன்புள்ள அண்ணா,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் முழங்கால் தேவலையா? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கிறாளா, இல்லை துணி காயப்போடும் சாக்கில் தினமும் ஏறுகிறாளா?

இதை உன் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுகிறேன். வீட்டுக்குப் போட்டால் அம்மா பிரித்துவிடுவாள். போன் செய்தாலும் அவள்தான் முதலில் எடுப்பாள். பெரிதாக ஒன்றுமில்லை, ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியவேண்டும். 'ஸ்டாகர்டு'. கூட வேலை பார்க்கும் ஒருத்தி கேட்டாள். நான் வேறு, "எங்க அண்ணன் இங்கிலீஷ் வாத்தியாராக்கும், அவனுக்குத் தெரியாத வார்த்தையே கிடையாது" என்று அளந்துவிட்டேன். மானத்தைக் காப்பாற்று.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. கூரை ஜன்னல்களை எல்லாம் இறுக்கி அடைத்துவிட்டார்கள். உருக்கிய இரும்பு ஊற்றுகிற பட்டறையில் ஒரு குவளைத் தண்ணீர் உள்ளே விழுந்தாலும் வெடிக்கும் அல்லவா, அதற்காக. உச்சியில் என் கிரேன் கூண்டில் உட்கார்ந்தால், மூடி போட்ட பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சாயங்காலமானால் லேசாகத் தலை வலிக்கும், அவ்வளவுதான். மற்றபடி கீழே நிற்பவர்கள் எல்லாம் எறும்பு, நான் ராணி.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு


ஜூன் 18

அடி வாலு,

நாங்கள் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் சௌக்கியம், வாய் அதைவிட சௌக்கியம். மாடிக்கு ஏறுவது நிற்கவில்லை. கேட்டால், "நான் என்ன உன் தங்கச்சி மாதிரி வானத்துலயா ஏறுறேன்?" என்கிறாள்.

நீ வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு எழுதியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் என் இங்கிலீஷ் புத்தகத்தால் கொசு அடித்தவள் நீ.

கேள். நடை தவறுவதற்கு அந்த மொழியில் ஒரு குடும்பமே இருக்கிறது. குழந்தை தத்தித் தத்தி நடந்தால் டாடில். கிழவர், பார்க்கிற நம் வயிறு கலங்கும்படி நடந்தால் டாட்டர். கல் தடுக்கினால் ஸ்டம்பிள். ஒரு கால் குட்டையான மேஜை ஆடினால் வாபிள். ஈரத்தில் வழுக்கினால் ஸ்லிப். ஸ்டாகர் என்றால் தள்ளாடுவது. ஓரடி இந்தப் பக்கம், ஓரடி அந்தப் பக்கம். செய்தித்தாளில் இந்த வார்த்தையைப் பார்த்தால் பக்கத்திலேயே ஒரு பாட்டில் இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன், சட்டென்று மனதில் நிற்கும்.

எந்த வாக்கியத்தில் வந்தது என்று உன் தோழியிடம் கேட்டு எழுது. வார்த்தையை மட்டும் நீட்டி அர்த்தம் கேட்பது, ஒற்றைச் செருப்பைக் காட்டி ஆளை விசாரிப்பது மாதிரி.

தலைவலிக்கு வேளைக்குச் சாப்பிடு. அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணன்


ஜூன் 27

அண்ணா,

அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் நலம்தான், கொதித்துக்கொண்டு நலம்.

பக்கத்திலேயே பாட்டில் இருக்கும் என்று எழுதியிருந்தாய். இங்கேயும் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். தோழியும் இல்லை, யாரும் இல்லை. அந்த வார்த்தையை எழுதியது என்னைப் பற்றி.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒருநாள். பகல் ஷிப்ட் முடிந்து ஏணியில் இறங்கினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் தரை கொஞ்சம் நகர்ந்தது. தூணைப் பிடித்தேன், தூண் நான் நினைத்த இடத்தில் இல்லை. நாலைந்து அடி அப்படியும் இப்படியும் போய் மணல் குவியலில் கையை ஊன்றி நின்றேன். விழவில்லை. ஒருவர் மேலும் இடிக்கவில்லை. நான் இறக்கி வைத்த இரும்பு அச்சு நூல் பிடித்த மாதிரி அதன் இடத்தில் இருந்தது.

சூப்பர்வைசர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தார். "என்னம்மா, மேலேயே கடை திறந்துட்டியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"தலை சுத்துது சார்."

"சுத்தத்தான் செய்யும். வாயை ஊது."

ஊதினேன் அண்ணா. அத்தனை பேர் நடுவில், ஊதச் சொன்னதும் ஊதினேன். அதை நினைத்தால்தான் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஆள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவனிடம், "பெப்பர்மின்ட் போட்டிருக்கா. விவரமான பொம்பளை" என்றார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது. கிரேன் ஆபரேட்டர் இறங்கும்போது 'ஸ்டாகர்டு', விசாரணை முடியும்வரை கிரேனில் ஏறக் கூடாது. குடித்தாள் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் ரத்தம் எடுத்துப் பார் என்று சட்டையைப் பிடித்திருப்பேன். அந்த ஒரு வார்த்தையை வைத்துவிட்டு, மீதியை ஊர் வாய்க்கு விட்டுவிட்டார்கள். இப்போது திறந்த வெளியில் மண் சலிக்கிறேன். போகிற வருகிறவன் எல்லாம் "பாத்து நடம்மா" என்கிறான்.

அம்மாவுக்குத் தெரியவேண்டாம்.

வாலு


ஜூலை 4

என் வாலு,

நாங்கள் நலம் என்று எழுதக்கூடக் கை வரவில்லை. உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். படித்துவிட்டு எட்டாம் வகுப்புக்குப் போய், ஒரு பாவமும் செய்யாத பையன்களைத் திட்டித் தீர்த்துவிட்டேன்.

என்ன துணிச்சல் அந்த ஆளுக்கு! என் தங்கையை வாயை ஊதச் சொல்வானா? ஒருத்தி தூணைத் தேடி நாலடி வைத்தால் முதலில் நாற்காலி கொடுப்பான் மனுஷன். இவன் பேனாவை எடுத்திருக்கிறான்.

நான் சும்மா விடவில்லை. உங்கள் மேனேஜருக்கு மூன்று பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். நிலை தவறுவதற்கு அந்த மொழியில் இத்தனை வினைச்சொற்கள் இருக்க, ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கும் சொல்லைத் தேடிப் பொறுக்கியது ஏன் என்று கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டேன். இங்கிலீஷில் கோபப்பட்டு எவ்வளவு நாளாயிற்று! பேனா பறந்தது.

ஒன்று மட்டும் சொல். உனக்கு ஏன் தலை சுற்றியது? சாப்பிடாமல் ஏறினாயா? பெப்பர்மின்ட் எதற்கு? உனக்கு அந்த வாசனையே பிடிக்காதே. இந்தக் கடிதத்தில் உன் எழுத்து வேறு வரியை விட்டு விட்டு இறங்குகிறது.

உடனே பதில் போடு.

அண்ணன்


ஜூலை 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? பதில் போட நேரமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம்.

நீ மேனேஜருக்கு எழுதப்போகிறாய் என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆபீசில் உன் மூன்று பக்கத்தையும் உரக்கப் படித்தார்களாம். இப்போது எனக்குப் பட்டப்பெயர் 'டிக்ஷனரி'. சூப்பர்வைசர் என்னைத் தாண்டும்போதெல்லாம், "அம்மா, இன்னிக்கு என்ன நடை நடக்குறீங்க? ஸ்டம்பிளா, வாபிளா?" என்று கேட்கிறார். சிரிக்கச் சம்பளம் வாங்குகிற மாதிரி ஒரு கூட்டம் அவருடன் சேர்ந்து சிரிக்கிறது.

இந்த ஆளுக்கு இது பழக்கம்தான். போன மழைக்காலத்தில், எனக்கு முன்னால் இதே கிரேனில் இருந்தவரைக் குடித்தார் என்று வேலையை விட்டே அனுப்பினார்கள். பெரிய மீசை வைத்திருப்பார், பெயரே மீசை என்றாகிவிட்டது. இப்போது நெடுஞ்சாலைப் பக்கம் லாரி கழுவுகிறார். போகும்போது பார்ப்பேன், தலையைக் குனிந்துகொள்வார்.

மண் சலிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. காற்று வருகிறது, தலை லேசாக இருக்கிறது. விசாரணை அடுத்த மாதக் கடைசியில்.

நீ கேட்டதற்கெல்லாம் ஒன்றுமில்லை. நான் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

வாலு


ஆகஸ்ட் 8

அன்பான நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம், உன் அண்ணனுக்கு மட்டும் வாய்க்குள் எந்நேரமும் இங்கிலீஷ். நேற்று மாவு மில்காரர் பாக்கிச் சில்லறை தர மறந்ததற்கு, 'திஸ் இஸ் அவுட்ரேஜியஸ்' என்று கத்தினார். அவர் பயந்துபோய்க் கூட ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டார்.

உன் கடிதங்களை அவர் மேஜையில் பார்த்தேன். திருட்டுத்தனமாக இல்லை, அவரே விரித்து வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். உன் அண்ணன் வார்த்தையைப் படிக்கிற ஆள். நான் மருந்துக்கடையில் நிற்கிறவள், ஆளைப் பார்ப்பேன். நீ கூண்டில் இருந்தபோது சாயங்காலத் தலைவலி. மண் சலிக்கப் போனதும் தலை லேசாகிவிட்டது. பெப்பர்மின்ட் யாருக்கு வேண்டும்? குமட்டுகிறவளுக்கு.

என் கடைக்கு ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. நாலு பேருக்கும் தலைவலி மாத்திரை. ஊருக்குப் போனால் யாருக்கும் வலிக்காது, வீட்டுக்கு வந்தால் வலிக்கும். கடைசியில் பார்த்தால், குளியலறை ஹீட்டர் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள் சுற்றியிருக்கிறது. அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கால் பின்னுமாம், பேச்சுக் குழறுமாம். நல்ல வேளை, டாக்டர் கண்டுபிடித்தார்.

உங்கள் கூரைக்குக் கீழே என்னென்ன எரிகிறது? அந்தப் புகை எங்கே போகிறது? நீ அண்ணனிடம் சொல்லாததை என்னிடம் சொல். கடை விலாசத்துக்கே எழுது. நீ சொல்லும்வரை அவர் காதுக்குப் போகாது.

அண்ணி


ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணிக்கு,

உங்களுக்கும் எல்லோருக்கும் சுகம் வேண்டுகிறேன். எனக்கு இப்போது உண்மையிலேயே சுகம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். ஆமாம் அண்ணி. மே மாதம், முதல் மழை விழுந்து ஜன்னல்களை அடைத்த வாரத்திலிருந்தே. மத்தியானத்துக்குள் நெற்றிப்பொட்டில் சுத்தியல் அடிக்கும். குமட்டும். பெப்பர்மின்ட்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன். இரண்டு முறை ஏணியிலேயே வாந்தி எடுத்தேன், முந்தானையில் ஏந்திக்கொண்டு இறங்கினேன். கால் பஞ்சாகிவிடும். ஒருநாள் நெம்புகோலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதை இழுத்தால் எது நகரும் என்று மறந்துவிட்டது. கொக்கியில் இரும்பு தொங்குகிறது, கீழே ஆட்கள் நிற்கிறார்கள். ஒரு நிமிஷம்தான். அப்புறம் ஞாபகம் வந்துவிட்டது.

சொன்னால் என்ன ஆகும்? உடம்புக்கு முடியாதவள் என்று நிரந்தரமாகக் கீழே இறக்கிவிடுவார்கள். பொம்பளைக்குக் கிரேன் எதற்கு என்று முதல் நாளே கேட்டவர்கள் இவர்கள். அண்ணி, நான் அந்தக் கூண்டுக்காக மூன்று வருஷம் காத்திருந்தேன். யானை எடையுள்ள இரும்பைத் தூக்கி, ஒரு முட்டையை வைக்கிற மாதிரி வைப்பேன். என்னிடம் அதைப் போல வேறு எதுவும் இல்லை. அதனால் வாயை மூடிக்கொண்டேன். குடித்தாள் என்றால் கோபம் வருகிறது, முடியாதவள் என்றால் பயம் வருகிறது. எதைச் சொல்வது?

என் கூண்டுக்குப் பின்னால் ஓர் அடுப்பின் புகைக்குழாய் கூரை வழியாகப் போகிறது. அது வெளியேதான் போகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலைக்குப் போனேன். மீசை ஒரு லாரிக்கு அடியில் இருந்தார். நான் குனிந்து, "அண்ணே, ஒண்ணு கேக்கணும். மேல இருக்கும்போது உங்களுக்குத் தலை வலிக்குமா?" என்றேன்.

தண்ணீர்க் குழாயை மூடவே இல்லை அவர். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் கேக்குற?"

"எனக்கு வலிச்சுது."

"குமட்டுச்சா?"

"குமட்டுச்சு."

வெளியே வந்து டயர் மேல் உட்கார்ந்தார். "நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்லம்மா. சத்தியம் பண்ணேன். சத்தியம் பண்ணப் பண்ணக் குடிகாரன் பேச்சு மாதிரியே இருந்துச்சு. என் பொண்டாட்டியே வாசல்ல வச்சு மோந்து பாத்தா. அவ அப்பன் குடிச்சே செத்தவரு, அவளையும் தப்பு சொல்ல முடியல. பொறந்த வீட்டுக்குப் போனவதான். கடைசியில நானே நினைச்சேன், நமக்குத் தெரியாமயே குடிச்சிருப்போமோன்னு."

அண்ணி, அந்த மனிதர் அழவில்லை. நான்தான் அங்கே நின்று அழுதேன், கோபத்தில்.

வாலு


ஆகஸ்ட் 21

என் அருமை வாலு,

எல்லோரும் நலம், நான் பிரமாத நலம்! ஒரு வினைச்சொல்லை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டேன்!

உங்கள் மேனேஜரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. மரியாதையான இங்கிலீஷ், இரண்டே இரண்டு பிழைகள். 'ஸ்டாகர்டு' என்பதை எடுத்துவிட்டு 'ஸ்லிப்டு' என்று போடுகிறார்களாம். ஈரத் தரையில் கால் வழுக்கியது. அவ்வளவுதான், யாருக்கு வேண்டுமானாலும் நடக்கும், ராஜாவுக்கும் நடக்கும். உனக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறார்களாம். கையெழுத்துப் போட்ட மறுநாளே நீ கிரேனில் ஏறலாம்.

பார்த்தாயா? ஒரு வார்த்தை மாறினால் ஒரு வாழ்க்கை மாறும் என்று நான் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். இன்று எட்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணிதான் செய்தியைக் கேட்டுவிட்டு முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டாள். கடையில் ஏதோ சண்டை போலிருக்கிறது.

நல்ல செய்தியுடன் எழுது.

வெற்றி பெற்ற அண்ணன்


செப்டம்பர் 2

அண்ணா,

நலமா? உன் கடிதத்தைப் படித்தபோது உன் முகம் கண்ணில் நின்றது. அதனால்தான் இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை.

மேனேஜர் அறை. அவர், பக்கத்தில் ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் அம்மா, சுவரோரம் சூப்பர்வைசர். என்னை உட்காரச் சொன்னார்கள், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல் தடவையாக.

"உங்க அண்ணன் நல்லா எழுதுறாரும்மா," என்றார் மேனேஜர். "நாங்களும் மனுஷங்கதானே? வார்த்தையை மாத்திட்டோம். ஈரத்துல வழுக்கிடுச்சு. உனக்கும் கெட்ட பேர் இல்ல, எங்களுக்கும் தலைவலி இல்ல. கையெழுத்துப் போடு."

பேனாவை எடுத்தேன். எடுத்தது உண்மை. கூண்டு என் கண் முன்னால் தொங்கியது. அப்புறம் யோசித்தேன். வழுக்கியது என்றால் தப்பு என் செருப்பின் மேல். நான் நாளைக்கே மேலே ஏறி மறுபடியும் அந்தக் காற்றைக் குடிப்பேன். மீசை சாகும்வரை குடிகாரராகவே இருப்பார்.

"வழுக்கல சார்."

"என்னது?"

"வழுக்கல. தள்ளாடினேன்."

சூப்பர்வைசர் சுவரை விட்டு நிமிர்ந்தார். "பாத்தீங்களா சார்! அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க."

"ஆமா, சொல்றேன். நீங்க எழுதின வார்த்தை சரியான வார்த்தை சார். அதை எடுக்காதீங்க. ஏன் தள்ளாடினேன்னு அதுக்குக் கீழ எழுதுங்க. தெரியலன்னா மேல வந்து என் கூண்டுல ஒரு மத்தியானம் உக்காந்து பாருங்க."

பெர்சனல் ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். குரல் தேனாக இருந்தது. "உடம்பு சரியில்லன்னு நீயே சொன்னா, இந்த வேலைக்குத் தகுதி இல்லன்னு ஆயிடும். யோசிச்சுப் பேசும்மா."

"எனக்கு மட்டும்னா சரி, தகுதி இல்ல. எனக்கு முன்னாடி அதே கூண்டுல இருந்தவருக்கும் இதே தலைவலி, இதே குமட்டல், இதே தள்ளாட்டம். ரெண்டு பேருக்குமா தகுதி இல்ல? இல்ல, அந்தக் கூண்டுக்கா?"

பேனாவை மேஜை மேலேயே வைத்துவிட்டு எழுந்தேன். அறையை விட்டு வெளியே வந்ததும் என் கால் நடுங்கியது. அதற்கு என்ன வினைச்சொல் என்று உன்னைக் கேட்க நினைத்தேன்.

தலைவலி எவ்வளவு மோசம் என்று உன்னிடம் சொல்லவில்லை. அண்ணிக்குத் தெரியும், அவர்களிடம் கேள். அவர்கள் மேல் கோபிக்காதே. எனக்கு ஒரு பதில் மட்டும் வேண்டும். அந்த வார்த்தை உங்கள் அகராதியில் குடிகாரனுக்கு மட்டும்தானா?

வாலு


செப்டம்பர் 19

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டில் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? முன்பு கேட்டது உபசாரம், இப்போது நிஜமாகவே கேட்கிறேன். உண்மையை எழுது.

இரண்டு வாரம் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம். முதல் வாரம் உன் மேல். கொக்கியில் இரும்பு தொங்கும்போது உனக்கு நெம்புகோல் மறந்துபோனது என்று அண்ணி சொன்னாள். அன்று நான் சாப்பிடவில்லை. இரண்டாவது வாரம் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவனைத் தெருவில் நிறுத்திவிட்டு, அதே கூண்டில் அடுத்த ஆளை ஏற்றி, அவளும் தள்ளாடினால் அவளையும் ஊதச் சொல்வார்களா? என்ன மாதிரி ஜென்மங்கள் இவை!

உன் கேள்விக்கு வருகிறேன். இல்லை, மட்டும் இல்லை. முகத்தில் அடி வாங்கியவன் ஸ்டாகர் ஆவான். குண்டடி பட்ட சிப்பாய் ஆவான். தாங்காத சுமையைத் தூக்கியவன் ஆவான். அந்த வார்த்தைக்குள் சாராயம் இல்லை. அதை ஊற்றியது எழுதியவனும், பலகையில் படித்தவர்களும். எனக்கும் அதில் பங்கு உண்டு.

தொழிற்சாலை ஆய்வாளருக்கு எழுதியிருக்கிறேன். இந்த முறை ஒரு பக்கம்தான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, "இது வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்று அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் இரண்டு பேர் தள்ளாடினார்கள், இரண்டு பேரும் ஒரே கூண்டில் இருந்தவர்கள், ஜன்னல் அடைத்த மாதங்களில், என்பது மட்டும் மிஞ்சியது. இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் அந்த மனிதரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் முடியவில்லை. "ஊதச் சொன்னானா? அவன் மூஞ்சியிலயே ஊதியிருக்கணும்" என்றாள்.

அண்ணன்


நவம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் அம்மாவுக்கும்,

மூவரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குத் தலைவலி இல்லை, குமட்டல் இல்லை, பசி மட்டும் பயங்கரமாக இருக்கிறது. இதை நிஜமாகவே எழுதுகிறேன்.

ஆய்வாளர் வந்தார். இரண்டு முறை தேதி சொல்லி வராமல், மூன்றாவது முறை சொல்லாமல் வந்தார். நல்ல மழை நாள். விஷப்புகையை அளக்கும் கையடக்கமான ஒரு கருவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதி ஏணியிலேயே கருவி கத்த ஆரம்பித்தது. கேட்காமல் மேலே போனார். குழாயைப் பார்க்க வேண்டும் என்று கூண்டுக்குப் பின்னால் தவழ்ந்தார். இறங்கி வந்தபோது அவருக்கும் கால் நிற்கவில்லை. சூப்பர்வைசர் பாய்ந்து போய்த் தோளைப் பிடித்து, "மெதுவா சார், மெதுவா. யாருப்பா அங்க, சாருக்கு நாற்காலி கொண்டா" என்றார். பட்டறையில் ஒருவர் விடாமல் என்னைப் பார்த்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் இவ்வளவு கோபமும் இவ்வளவு திருப்தியும் ஒன்றாக வந்ததில்லை.

புகைக்குழாயின் இணைப்பு ஒன்று விட்டுப்போயிருந்தது. பாதிப் புகை கூரைக்குள்ளேயே. அடுப்பை நிறுத்திக் குழாயை மாற்றி, கூரையில் காற்றாடி வைக்கும்வரை கிரேனை ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போன வாரம் எல்லாம் முடிந்தது. நான் மறுபடியும் ஏறினேன்.

பலகையில் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். 'சில ஆபரேட்டர்களுக்கு லேசான அசௌகரியம்' ஏற்பட்டதாம். அசௌகரியமாம்! நீ இதற்கு மூன்று பக்கம் எழுதலாம், நான் தடுக்க மாட்டேன். சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது என்னைக் கண்டால் வேறு வழியாகப் போகிறார்.

மீசையை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், புது ஆளாக. அவர் மேனேஜரிடம், "வர்றேன். ஆனா நான் குடிக்கலன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, என் வீட்டுக்காரிகிட்ட காட்டணும்" என்றார். குடும்ப விவகாரத்தில் கம்பெனி தலையிடாது என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "எழுந்திருங்கண்ணே, நான் வந்து சொல்றேன்" என்றேன்.

நேற்று அவர் மனைவியின் பிறந்த வீட்டுக்குப் போனோம். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். அவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் கதவைத் தட்டினேன். ஒல்லியாக, கையில் கத்தரிக்கோலோடு, துணி தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், புகை, கருவி கத்தியது, நான் வாந்தி எடுத்தது. அவள் கதவைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்ததும், "அவரு எங்க?" என்றாள்.

தெருமுனையைக் காட்டினேன். அவர் மீசையைத் தடவியபடி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரையே பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"பதினாலு மாசம்," என்றாள். "பதினாலு மாசம் எங்க ரெண்டு பேரையும் பிச்சு வச்சிருக்கானுங்க. ஒரு வரி எழுதித் தர மாட்டானுங்களா?"

கத்தரிக்கோலை உள்ளே போட்டுவிட்டுக் கதவைப் பூட்டினாள். செருப்பை மாட்டினாள். நேராகத் தெருமுனைக்கு நடந்தாள். அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "அந்த ஆபீசுக்கு எந்த பஸ்?" என்று என்னைக் கேட்டாள்.

"இன்னிக்கு மூடியிருப்பாங்க அக்கா."

"அப்போ திறக்குற வரைக்கும் வாசல்ல உக்காந்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு, வந்த முதல் பஸ்ஸில் அவரையும் தள்ளிக்கொண்டு ஏறிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டேன்.

உங்கள்
வாலு